சேராங்கொட்டைக் குறியும் கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்கும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் எடுப்பவர். அவர் இணையத்தில் போட்ட படம் ஒன்றை யாரோ எடுத்து, கீழ் ஓரத்தில் இருந்த அவர் பெயரை வெட்டிவிட்டு, ஒரு மீன் கடையின் ஃபிளெக்ஸ் பேனரில் அச்சடித்துவிட்டார்கள். பேனர் இன்னும் தண்டையார்பேட்டையில் தொங்குகிறது. நீங்கள் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி ஆண்டு. கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க், அதாவது படத்துக்குள்ளேயே ஒளித்துவைத்த அடையாளக் குறி, போட்டிருந்தால் இதைத் தடுத்திருக்க முடியுமா, இதையே ஆராய்ச்சியாக எடுத்தால் சைபர் செக்யூரிட்டியோடு என்ன சம்பந்தம், இதில் இன்னும் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடுத்திருக்க முடியாது. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்மார்க் எந்தத் திருட்டையும் தடுக்காது. திருட்டு நடந்த பிறகு, "இது என்னுடையது" என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் அதற்கு வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சியின் கதை.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். கம்பெனிக் காலத்தில் ஏற்றுமதித் துணியை வெளுக்கவும் துவைக்கவும் குடியேறிய மக்களால்தான் எங்கள் பேட்டைக்கு அந்தப் பெயரே வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டு வேட்டிகளின் ஓரத்தில், மடிப்புக்கு உள்பக்கம், கடுகு அளவில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருக்கும். சலவைக்கு எடுத்துப் போகிறவர் போட்ட குறி. சேராங்கொட்டைச் சாற்றில் போடுவது. சுண்ணாம்போடு சேர்ந்தால் அது பருத்தி நூலில் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கரையாது. உவர்மண்ணில் ஊறி, வெள்ளாவியில் வெந்து, கல்லில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து வந்த பிறகும் அந்தப் புள்ளி அப்படியே இருக்கும். நாற்பது வீட்டுத் துணி ஒன்றாகக் கலந்து கிடந்தாலும் அவர் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவார். உடுத்துகிறவனுக்குக் குறி தெரியாது, துணியும் கெடாது. எந்தக் குறி எந்த வீடு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வகுப்பில் டிஜிட்டல் வாட்டர்மார்க் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் இதில்தான் ஆரம்பிப்பேன். கண்ணில் படக்கூடாது, எவ்வளவு துவைத்தாலும் போகக்கூடாது, தேவையான தகவலைத் தாங்க வேண்டும், உரியவர் மட்டும் படிக்க வேண்டும். எங்கள் துறையின் நான்கு தேவைகளும் அந்த வேட்டி ஓரத்தில் இருந்தன. இதில் முதல் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். குறியைப் பெரிதாகப் போட்டால் நன்றாக நிலைக்கும், ஆனால் கண்ணில் படும். சின்னதாகப் போட்டால் கண்ணில் படாது, ஆனால் சீக்கிரம் போய்விடும். நிறைய எழுத்து எழுத ஆசைப்பட்டால் இரண்டுமே கெடும்.

சரி, படத்துக்குள் எப்படிப் போடுவது? எல்லோரும் முதலில் செய்து பார்க்கும் வழியிலிருந்து தொடங்குகிறேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிக்சலின் வெளிச்சம் 0 முதல் 255 வரை ஓர் எண், அதாவது 8 பிட். ஏலக் கூடத்து ஐஸ் கட்டி ஒன்றின் மேல் ஒரு பிக்சல் 142 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும எண்ணில் 10001110. கடைசி 0வை 1 ஆக்கினால் 143. எந்தக் கண்ணுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. இப்படி ஒவ்வொரு பிக்சலின் கடைசி பிட்டிலும் உங்கள் அண்ணன் பெயரின் ஒரு துண்டை எழுதிக்கொண்டே போகலாம். தரத்தை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பிஎஸ்என்ஆர் அளவுகோலில் இது சுமார் 51 டெசிபல் வரும். 40க்கு மேல் வந்தாலே பொதுவாக நல்ல தரம் என்போம்.

கேட்க அழகாக இருக்கிறது. நானும் முதன்முதலில் இப்படித்தான் செய்தேன். என் பெயரைப் படத்தில் எழுதி, திரும்ப எடுத்து, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வந்ததைப் பார்த்து அன்று தூங்கவே இல்லை. இன்று மாணவர்களிடம் அதே பயிற்சியைக் கொடுத்து, அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பக்கத்து நண்பனுக்கு அனுப்பச் சொல்வேன். நண்பன் போனுக்கு வந்த படத்தில் பெயரைத் தேடினால் வெறும் குப்பைதான் வரும். யாரும் தாக்கவில்லை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, மறுபடி ஜேபெக் ஆக்கியது, அவ்வளவுதான். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் டிசிடி என்ற கணக்கால் அதிர்வெண்களாக மாற்றி, அந்த எண்களை வகுத்து முழு எண்ணாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைத் தூக்கி எறிவதுதான் அதன் தொழில். நாமோ கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துப் பெயரை எழுதியிருக்கிறோம். முதல் துவைப்பிலேயே குறி போய்விட்டது.

இந்த இடத்தில்தான் 1997இல் இங்கமார் காக்ஸும் அவருடைய மூன்று சகாக்களும் எழுதிய ஆய்வுக்கட்டுரை வருகிறது. இந்தத் துறைக்கு வருகிற யாரும் அதைப் படிக்காமல் இருக்கக்கூடாது. எல்லோரும் குறியை ஒளித்துவைக்க மூலை தேடிக்கொண்டிருந்தபோது அவர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள். படத்தின் உயிர் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அங்கேயே குறியை வைப்போம். அதை அழிக்க வருகிறவன் படத்தையே கெடுத்தால்தான் அழிக்க முடியும். முழுப் படத்துக்கும் டிசிடி எடுத்து, அதில் மிகப் பெரிய 1000 எண்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் ஒரு தற்செயல் எண்ணுக்கு ஏற்ப மிகச் சிறிய அளவில் கூட்டிக் குறைத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எந்த மாற்றமும் கண்ணுக்குப் படாது. 1000 இடத்தின் சாட்சியத்தையும் சேர்த்துக் கூட்டினால் குறி பளிச்சென்று எழுந்து நிற்கும். ராணுவ ரேடியோவில் எதிரிக்குக் கேட்காமல் செய்தியை அகன்ற அலைவரிசையில் தெளித்து அனுப்பும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் உத்தியைப் படத்துக்குக் கொண்டுவந்தார்கள். படத்தை அச்சடித்து, ஜெராக்ஸ் எடுத்து, மறுபடி ஸ்கேன் செய்த பிறகும் குறி கிடைத்தது. உங்கள் ஃபிளெக்ஸ் பேனருக்கு மிக நெருங்கிய சோதனை அது. ஆனால் குறியைத் தேட அவர்களுக்கு மூலப்படம் கையில் வேண்டும். இதையும் மறக்காதீர்கள்.

யோசனை இதைவிடப் பழையது. 1954இலேயே மியூசாக் நிறுவனத்தின் எமில் ஹெம்ப்ரூக், இசைக்குள் அடையாளம் வைக்க ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1 கிலோஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியை மட்டும் அவ்வப்போது வெட்டி, அந்த இடைவெளிகளில் மோர்ஸ் குறி எழுதுவது அவர் வழி. காகிதத்தில் இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டிலேயே நீர்க்குறி இருந்தது. நம் ஊரில் இதற்குச் சரித்திரப் புத்தகம் தேவையில்லை. காசிமேட்டில் விடியற்காலை நாலு மணிக்கு, வஞ்சிரக் கூடைக்கு 500 ரூபாய்த் தாள்களை வாங்கும் அம்மா ஒவ்வொன்றையும் குண்டு பல்புக்கு நேரே தூக்கிப் பிடித்து, வெள்ளை இடத்தில் காந்தி தெரிகிறாரா என்று பார்த்துத்தான் சுருக்குப் பையில் போடுகிறார்.

சரி, இப்போது சைபர் செக்யூரிட்டிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கனமான பகுதி இதுதான், இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ஜேபெக், வாட்ஸ்அப், அச்சு இவற்றுக்கெல்லாம் உங்கள்மேல் பகை கிடையாது. இயற்கையின் தேய்மானம் மாதிரி. ஆனால் மறுபக்கம் ஒரு மனிதன் உட்கார்ந்து, உங்கள் முறை என்ன என்று தெரிந்துகொண்டு, அதற்கென்றே யோசித்துத் தாக்கும்போது கணக்கே மாறிவிடுகிறது. 1998இல் கேம்பிரிட்ஜில் பெட்டிகோலா, ராஸ் ஆண்டர்சன், மார்க்குஸ் கூன் மூவரும் ஸ்டிர்மார்க் என்ற கருவியைக் காட்டினார்கள். அது படத்தை மிக லேசாக, ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் வேறு மாதிரி, வளைத்து நெளிக்கும். கண்ணுக்குப் படம் அதே படம்தான். ஆனால் குறி இருக்கும் இடம் அரை பிக்சல், ஒரு பிக்சல் தள்ளிப்போய்விடும். தேடுகிறவன் பழைய இடத்தில் தேடி, இல்லை என்பான். குறி அழியவே இல்லை, விலாசம் மாறிவிட்டது. அப்போது இருந்த முறைகள் பல இதில் விழுந்தன. உங்கள் பேனருக்கும் இது பொருந்தும். அண்ணன் தெருவில் நின்று சாய்வாக ஒரு போட்டோ எடுத்தால் ஃபிளெக்ஸின் சுருக்கமும் கேமராவின் கோணமும் சேர்ந்து கிட்டத்தட்ட ஸ்டிர்மார்க் வேலையைச் செய்துவிடும்.

இன்னொரு தாக்குதல் இதைவிட ஆழமானது, குறியை அது தொடவே தொடாது. ஸ்காட் கிரேவரும் சகாக்களும் 1990களின் கடைசியில் விளக்கியது. அண்ணன் தன் மூலப்படத்தில் குறியைக் கூட்டி வெளியிடுகிறார். திருடன் அந்த வெளியான படத்திலிருந்து *தன்* குறியைக் கழித்து, மிச்சத்தை "இதுதான் என் மூலப்படம்" என்கிறான். அவன் 'மூலத்தோடு' அவன் குறியைக் கூட்டினால் வெளியான படம் வருகிறது. ஆகவே வெளியான படத்தில் அண்ணன் குறியும் இருக்கிறது, திருடன் குறியும் இருக்கிறது. அண்ணன் மூலத்தில் பார்த்தால் அங்கேயும் திருடன் குறி தெரியும். நடுவர் யாரை நம்புவார்? இதற்கு மருந்து வாட்டர்மார்க்குக்கு வெளியே இருக்கிறது. குறியை மூலப்படத்தின் ஹாஷிலிருந்து (கோப்பின் கைரேகை மாதிரி, அதிலிருந்து கணக்கிடும் ஓர் எண்), பின்னோக்கிக் கணக்கிட முடியாதபடி உருவாக்க வேண்டும். அல்லது படம் வெளியாவதற்கு முன்பே ஹாஷை மூன்றாவது ஒருவரிடம் தேதியோடு பதிந்துவைக்க வேண்டும். சிக்னல் பிராசசிங்காகத் தொடங்கியது கிரிப்டோகிராஃபி வாசலில் வந்து நிற்பது இப்படித்தான்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே குழியில் விழக்கூடாது. என் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் நான் எஸ்விடி முறையில் வேலை செய்தேன். ஒரு படத்தை மூன்று அணிகளாக, அதாவது மூன்று எண் அட்டவணைகளாக, உடைக்கும் கணிதம் அது. நடுவில் இருக்கும் அணியில் வலிமையைச் சொல்லும் எண்கள் மட்டும் இருக்கும், உருவத்தின் அமைப்பு இரண்டு பக்கமும் இருக்கும் அணிகளில் இருக்கும். 2002இல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் வழியில், லோகோவைப் படத்தின் நடு அணியில் கலந்து, அந்தக் கணக்கில் கிடைக்கும் இரண்டு பக்க அணிகளை 'சாவி' என்று பத்திரப்படுத்திக்கொண்டேன். முடிவுகள் பிரமாதமாக இருந்தன. வெட்டினேன், திருப்பினேன், இரைச்சல் சேர்த்தேன், ஜேபெக்கில் கசக்கினேன். லோகோ ஒவ்வொரு முறையும் வந்தது. அட்டவணை முழுக்க 0.99, அதாவது போட்ட லோகோவும் எடுத்த லோகோவும் கிட்டத்தட்ட ஒன்றே.

ஒரு கருத்தரங்கில் வயதான பேராசிரியர் ஒருவர் என் அட்டவணையைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நீங்க குறியே போடாத ஒரு படத்துல தேடிப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, குறி போடாத ஏதோ ஒரு படத்தை, ராயபுரம் ரயில் நிலையத்தின் படம் என்று நினைவு, என் நிரலுக்குக் கொடுத்தேன். என் லோகோ முழுசாக வெளியே வந்தது. கறுப்புப் படத்துக்கு மேல் சிறிது இரைச்சல் தூவிக் கொடுத்தேன். அதிலும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. லோகோவின் உருவம் படத்துக்குள் இருக்கவே இல்லை, என் 'சாவி'க்குள் இருந்தது. எந்தப் பானையைக் கொடுத்தாலும் என் மடியில் இருந்த அரிசியைத்தான் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் குறையை 2005 முதலே கட்டுரைகளாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள், நான்தான் படிக்காமல் இருந்திருக்கிறேன். எட்டு மாத வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இன்றைக்கும் அதே அடித்தளத்தின்மேல், வேவ்லெட் ஒன்றையும் பூச்சிக் கூட்டத்தின் பெயர் வைத்த ஆப்டிமைசேஷன் ஒன்றையும் சேர்த்துக் கட்டுரைகள் வருவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. உழைப்பவர்கள் நல்ல பிள்ளைகள். அந்த ஒரு கேள்வியை அவர்களிடம் யாராவது முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

அதனால் ஒரு டிடெக்டர், அதாவது குறியைத் தேடும் நிரல், எவ்வளவு அடிக்கடி 'இருக்கிறது' என்கிறது என்பதோடு, இல்லாத இடத்தில் எவ்வளவு அடிக்கடி 'இருக்கிறது' என்று தவறாகச் சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். காக்ஸ் குழு தங்கள் டிடெக்டருக்கு ஆயிரம் வெவ்வேறு குறிகளைக் கொடுத்து, சரியான ஒன்றுக்கு மட்டும் அது எழுந்து நிற்பதைக் காட்டியது. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவதும் இதைத்தான்.

நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 2000ஆம் ஆண்டில் எஸ்டிஎம்ஐ என்ற இசைத்துறைக் கூட்டமைப்பு, தங்கள் வாட்டர்மார்க்குகளை உடைத்துப் பாருங்கள் என்று பொதுச் சவால் விட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்ட்டன் குழு சில வாரங்களில் நான்கு வாட்டர்மார்க்குகளையும் வீழ்த்தியதாக அறிவித்தது. அதைக் கட்டுரையாக வாசிக்கப் போனபோது வழக்கு மிரட்டல் வந்தது. 2001 ஏப்ரலில் பின்வாங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் யூஸ்னிக்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் வாசித்தார்கள். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற நிலையில்தான் பாதுகாப்பு நிற்க வேண்டும் என்று ரகசியக் குறியீட்டு அறிஞர் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே சொல்லிவிட்டார். சலவைக்காரர் சேராங்கொட்டையால் குறி போடுகிறார் என்பது பேட்டைக்கே தெரியும். அந்த இரண்டு புள்ளி ஒரு கோடு எங்கள் வீடு என்பது மட்டும்தான் அவரிடம் இருந்த ரகசியம்.

வாட்டர்மார்க் உண்மையாகவே உழைக்கும் ஓர் இடம் நமக்கு நன்றாகப் பழக்கமானது, சினிமா. பர்மா பஜாரில் புதுப்பட டிவிடி விற்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. டிஜிட்டல் தியேட்டர்களுக்கான டிசிஐ விதிமுறைப்படி, படம் ஓடும்போதே புரொஜெக்டரோடு இணைந்த சர்வர் கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத குறியைத் திரைப்படத்தில் கலக்கிறது. மொத்தம் 35 பிட்தான். 16 பிட் நேரத்துக்கு, 19 பிட் இடத்துக்கு. ஆண்டு முழுவதையும் கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டினால் 366 நாளுக்கு 35,136 துண்டு வரும், 16 பிட்டில் 65,536 வரை எண்ணலாம். 19 பிட்டில் 5 லட்சத்துக்கு மேல் அடையாளங்கள் வைக்கலாம். எந்தத் திரை, எந்தக் காட்சி என்று சொல்லும் இந்த 35 பிட்டும் ஒவ்வொரு ஐந்து நிமிடப் பகுதியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு பெரிய படத்துக்கு இவ்வளவு குறைந்த தகவல் ஏன் என்று யோசியுங்கள். செல்போனில் கோணலாக எடுத்து, சுருக்கி, நிறம் வெளுத்துப்போன பிரதியிலிருந்தும் அது வர வேண்டும். அதனால் அதே 35 பிட்டைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். திருடர்கள் இரண்டு மூன்று தியேட்டர் பிரதிகளைக் கலந்து சராசரி எடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து கூட்டுச்சதியைத் தாங்கும் குறிகள் என்று தனி ஆராய்ச்சியே பிறந்தது. கணிதத்தில் ஈடுபாடு இருந்தால் காபோர் டார்டோஸ் 2003இல் கொடுத்த குறிகளைப் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு நேர் எதிரான வகை. தொட்டாலே உடைய வேண்டிய குறி. மருந்துப் புட்டியின் சீல் மாதிரி, யாரோ கை வைத்தார்கள் என்று காட்டினால் போதும். மருத்துவப் படங்களுக்கு இது தேவை. 2019இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிடி ஸ்கேனில் இல்லாத புற்றுக்கட்டியைச் சேர்க்கவும் இருப்பதை நீக்கவும் நிரல் எழுதி, அனுபவம் உள்ள கதிரியக்க மருத்துவர்களையே ஏமாற்ற முடியும் என்று காட்டினார்கள். ஆனால் மருத்துவரிடம் போய், "படத்தில் சிறிது மாற்றம் செய்திருக்கிறோம், கண்ணுக்குத் தெரியாது" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. அதனால் குறியை எடுத்த பிறகு மூலப்படம் ஒரு பிட்கூட மாறாமல் திரும்ப வர வேண்டும்.

முடியுமா? முடியும். 2003இல் ஜுன் டியன் காட்டிய வழியை உங்கள் நோட்டில் போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் 100, 97. சராசரியின் முழு எண் பகுதி 98, வித்தியாசம் 3. வித்தியாசத்தை இரட்டித்து, மறைக்க வேண்டிய பிட் 1ஐக் கூட்டுங்கள், 7. சராசரி 98 அப்படியே இருக்கட்டும், வித்தியாசம் மட்டும் 7 ஆகும்படி புதுப் பிக்சல்கள் 102, 95. படத்தை வாங்கியவர் என்ன செய்வார்? 102, 95இன் சராசரி 98.5, முழு எண் 98. வித்தியாசம் 7. ஒற்றைப்படை, ஆகவே மறைந்திருந்த பிட் 1. அதை நீக்கிப் பாதியாக்கினால் 3. சராசரி 98, வித்தியாசம் 3 என்றால் பழைய பிக்சல்கள் 100, 97. ஒன்றும் தொலையவில்லை, ஒரு பிட் செய்தியும் போய்ச் சேர்ந்தது. முதல்முறை இதைக் கையால் போட்டுப் பார்த்த அன்று, தங்கசாலை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டுவிட்டு அதே தாளில் வேறு எண்களைப் போட்டுக்கொண்டே இருந்தேன். (0, 255 ஓரங்களில் எண் வழிந்துவிடும். எந்த ஜோடிகளைத் தொடலாம் என்பதற்குத் தனியாக ஒரு வரைபடம் வைக்க வேண்டும். அதுதான் இதில் தலைவலி.)

செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஆகஸ்டில் கூகுள் டீப்மைண்ட் சிந்த்ஐடி என்று, தன் கருவி உருவாக்கும் படங்களிலேயே குறியைப் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 2021இல் தொடங்கிய சி2பிஏ கூட்டமைப்பு, படம் எங்கே பிறந்தது, யார் என்ன திருத்தினார்கள் என்பதை டிஜிட்டல் கையெழுத்தோடு கோப்பில் எழுதிவைக்கும் தரத்தை உருவாக்கியிருக்கிறது. கோப்பில் ஒட்டிய குறிப்பை ஒரு ஸ்கிரீன்ஷாட் கழற்றிவிடும். பிக்சலுக்குள் இருக்கும் குறி ஸ்கிரீன்ஷாட்டைத் தாங்கலாம், ஆனால் கையெழுத்து அளவுக்கு உறுதியான சாட்சியம் தராது. இரண்டையும் சேர்த்துத் தைப்பதில்தான் இப்போது வேலை நடக்கிறது. "செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா" என்று கேட்டீர்களே, நிறைய இருக்கிறது.

இனி அண்ணனுக்கு. இந்தப் படத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத குறி இல்லை என்பதால் கை கட்டி நிற்க வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி படம் எடுத்த கணமே உரிமை அவருடையது, பதிவு கட்டாயமில்லை. 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவு, உரிமையாளர் பற்றிய தகவலை அனுமதியில்லாமல் தெரிந்தே நீக்குவதைக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் என்கிறது. பெயரை வெட்டியது அதற்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது, தம்புச்செட்டித் தெருவில் ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். கேமராவிலிருந்து வந்த ரா கோப்பு, அதாவது ஜேபெக் ஆக்காத மூலக் கோப்பு, இருக்கிறதா பாருங்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு அது இருந்தால் எந்த வாட்டர்மார்க்கையும்விட வலிமையான சாட்சி. அதன் ஷா-256 ஹாஷை இன்றே எடுத்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவுச் சான்றிதழிலேயே ஹாஷ் எழுத இடம் இருக்கிறது. இனிமேல் போடும் படங்களைச் சின்ன அளவில் போடச் சொல்லுங்கள். பெயரை ஓரத்தில் வைக்காமல், வெட்டினால் படமே கெடும் இடத்தில் வைக்கட்டும். எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம். ஒரே குறி நிறையப் படங்களில் இருந்தால் அவற்றை ஒப்பிட்டே அதைத் தானாக நீக்கிவிடலாம் என்று 2017இல் கூகுள் ஆராய்ச்சியாளர்களே காட்டியிருக்கிறார்கள். இடத்தையும் வடிவத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்கட்டும்.

உங்களுக்கு. நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, ஃபூரியே, இந்த மூன்றிலும் கை பழகாமல் பிஎச்.டி.க்குப் பதிவு செய்யாதீர்கள். என்பிடெல் தளத்தில் இமேஜ் பிராசசிங், கிரிப்டோகிராஃபி இரண்டுக்கும் நல்ல பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. தரமணியில் செட்ஸ் என்ற நிறுவனம் சைபர் செக்யூரிட்டிக்கென்றே ஆராய்ச்சி நடத்துகிறது, அவர்கள் கருத்தரங்குகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். இந்தத் துறையில் வழக்கமாகச் சோதனைக்கு எடுத்த லேனா என்ற பெண்ணின் படத்தில் சோதனை செய்யாதீர்கள். அந்தப் பெண்ணே தன் படத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், 2024 ஏப்ரல் முதல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி அதை ஏற்பதும் இல்லை. உங்களுக்கு அண்ணன் இருக்கிறார். விடியற்காலை இருட்டு, சோடியம் விளக்கு, ஈரத் தரை, மீன் செதிலின் பளபளப்பு என்று எந்த ஆய்வகத்திலும் கிடைக்காத படத் தொகுப்பு உங்கள் வீட்டு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் கட்டுரை போட்டுத் தருகிறேன் என்று வரும் இதழ்களுக்கு அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். காக்ஸ் முறையை பைத்தான் மொழியின் நம்பை (NumPy) நிரல் தொகுப்பில் நீங்களே எழுதுங்கள், நூறு வரிக்குள் முடியும். அண்ணனின் 50 படங்களில் குறி போடுங்கள், 500 படங்களில் போடாமல் விடுங்கள். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கி, எது எது என்று மறைத்துவிட்டு டிடெக்டரை ஓட்டுங்கள். அதற்கு முன்னால் இன்னொன்று, அது அவசரம். இன்றோ நாளையோ அந்த பேனரை நேராக நின்று ஒரு படம், இடது பக்கத்திலிருந்து சாய்வாக ஒன்று, வலது பக்கத்திலிருந்து ஒன்று, அச்சகத்தின் பெயர் இருக்கும் கீழ் மூலையைக் கிட்டத்தில் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். மழை வந்தால் கழற்றிவிடுவார்கள்.